வளைவில் தெரியும் குணம்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பாதையில் வளைவுகளுக்குக் குறைவில்லை. ஒரு மகிழுந்தின் குணம் அங்கேதான் தெரியும்.

2012-இல் வெளிவந்த புரோட்டோன் பிரேவேயின் உயர்வகையில் இருந்தது 1.6 லிட்டர் இயந்திரமே. ஆயினும், அது 138 குதிரைத்திறனை வெளிப்படுத்தியது. காரணம் டர்போ. வெளியேறும் புகை ஒரு சிறு சுழலியைச் சுழற்றும். அதனோடு இணைந்த மற்றொரு சக்கரம் காற்றை அழுத்தி இயந்திரத்துக்குள் செலுத்தும். காற்று மிகுந்தால் கூடுதல் எரிபொருளை எரிக்கலாம். ஏற்றத்தில் வண்டி திணறாது.

விளம்பரங்கள் குதிரைத்திறனையே பெரிதாகப் பேசும். வளைவிலோ, ஓட்டுநருக்குத் துணை நிற்பவை சுருள்வில்லும் அதிர்வுத் தணிப்பானும்தான். பிரேவேயில் இவற்றைச் செம்மைப்படுத்த லோட்டஸ் நிறுவனத்தின் அனுபவம் கைகொடுத்தது. வில் மிக இறுகினால் சாய்வு குறையும். ஆனால், பின்னிருக்கைப் பாட்டிக்கு இடுப்பு நோகும். மிகவும் இளகினால், ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து ஓட்டுநரை அச்சுறுத்தும்.