டி.பி.யா? தட்டைத் தனியாக எடுத்து வைக்காதீர்கள்!

புளியந்தோப்புவாசிகளுக்கு ஓட்டேரி அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை தெரியாமல் இருக்காது. 'அதெல்லாம் குடிசையில் இருக்கிறவங்களுக்கு வர்ற நோய்' என்று நினைக்கிறீர்களா? சர்க்கரை நோய் இருந்தால் டி.பி. வரும் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு கூடும். இன்று சர்க்கரை இல்லாத வீடு எது, சொல்லுங்கள்!

ஒரு காலத்தில் டி.பி. என்றாலே சானடோரியம்தான். தாம்பரத்தில் ரயில் நிலையத்துக்கே அந்தப் பேர் வந்துவிட்டதே! அந்த எண்ணத்தை மாற்றியது நம் சென்னையில் 1956-ல் தொடங்கிய ஓர் ஆராய்ச்சி. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆரம்பம் அது.

193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு சானடோரியத்தில் ஓய்வு, நல்ல சாப்பாடு. மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீட்டிலேயே, கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு. மருந்து மட்டும் இருவருக்கும் ஒன்றே, ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டார்களா என்று வீடு தேடிப் போய் எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள்.

1959-ல் முடிவு வெளியானது. குணமானதில் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசமில்லை! சரி, கூட இருந்த பெண்டாட்டி பிள்ளைகள்? வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்ததால் அவர்களுக்குத் தொற்று கூடவில்லை. பரவியதெல்லாம் பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன்பே.

ஆகவே தட்டு, டம்ளரைப் பிரித்து வைப்பதில் பயனில்லை. கிருமி காற்றில்தான் பரவுகிறது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள். பெண்ணுக்குக் கல்யாணம் தடைப்படும் என்று நோயை மறைப்பவர்கள் உண்டு. அந்தப் பெண்ணுக்கே தொற்ற வைப்பது அந்த மறைப்புதான்.

இப்போது சாதாரண டி.பி.க்கு 6 மாதம் மருந்து போதும். இரண்டே மாதத்தில் இருமல் நின்று எடை ஏறும். 'சரியாயிடுச்சே' என்று நிறுத்திவிடாதீர்கள். நோய் திரும்பும், கிருமி மருந்துக்கு அடங்காமலும் போகலாம். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், பயப்பட வேண்டாம். கண் மஞ்சளாகி வாந்தியும் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

சாப்பாடு முக்கியமில்லை என்று சொல்லவில்லை. ஜார்க்கண்டில் நோயாளியின் குடும்பத்துக்கும் சேர்த்து உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்தார்கள். 2023-ல் வெளியான அந்த முடிவின்படி, குடும்பத்தாருக்குப் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது. வீட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், தடுப்பு மருந்து பற்றி டாக்டரிடம் கேளுங்கள். யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? சிரப் வாங்கிக் குடிப்பதை விட்டு, சளியைப் பரிசோதிக்கக் கொடுங்கள். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.