இரவில் தனியாக இருக்கிறீர்களா?

யோங் பெங் வட்டாரத் தோட்டங்களிலும் தாமான்களிலும் தனியாக வசிக்கும் பெரியவர்களே, திருட்டுப் பயத்தால் துப்பாக்கி வாங்க நினைக்காதீர்கள். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். கை நடுங்கினால், பார்வை மங்கினால் குறி தவறும். இருட்டில் வருபவர் உங்கள் பேரனாகவும் இருக்கலாம்.

இவற்றைத் தேர்ந்தெடுங்கள், வாங்கும் முன் உங்கள் கையிலேயே சோதித்துப் பாருங்கள்:

• டார்ச்லைட்: ஒரே விரலால் அழுத்தக்கூடியது.
• விசில்: மெதுவாக ஊதினாலும் உரக்க ஒலிப்பது.
• கைப்பேசி: பெரிய எண்கள் உள்ளது, இரவில் தலையணை அருகில் இருக்கட்டும்.

சத்தம் கேட்டால் வெளியே போய்ப் பார்க்காதீர்கள். அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு 999ஐ அழையுங்கள். விசில் ஊதி அண்டை வீட்டாரை எழுப்புங்கள்.

பயத்தால் தூக்கமே வரவில்லையா? கூச்சப்படாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். அதற்கும் உதவி உண்டு.