கணிப்பொறியில் இசைக் கலவை: ஒலி அறுபடுதலும் மாத்திரைக் கணக்கும்

பாடலைப் பதிவு செய்வதும், பதிந்த குரலையும் கருவியிசையையும் ஒன்றாகக் கலப்பதும் ஒரு காலத்தில் பெருநகர ஒலிப்பதிவுக் கூடங்களுக்கே உரிய தொழிலாக இருந்தன. இன்று வீட்டுக் கணிப்பொறி ஒன்றும் ஒலிவாங்கி ஒன்றும் இருந்தால் அப்பணியை எவரும் செய்யலாம். முனாஜாத்தும் கிஸ்ஸாவும் இராகத்தோடு பாடவல்ல முதியோர் நம் ஊர்களில் அருகி வருகின்றனர். அவர்தம் குரலைப் பதிந்து, தப்ஸ் ஒலியோடு இணைத்துப் பேண விழையும் தமிழ் மாணவர் ஓர் இடரைச் சந்திக்கின்றனர். கலவையை ஓடவிட்டுக் கேட்கும்போது ஒலி இடையிடையே அறுபடுகிறது; 'டக்' என்னும் ஓசையோடு தாவுகிறது; சில வேளைகளில் ஒரே அசை இருமுறை ஒலிக்கிறது. உடனே, 'கணிப்பொறி பழையது, வேகம் போதாது' என்று முடிவு கட்டிப் புதியது வாங்கப் புறப்படுவோர் பலர். அம்முடிவு பெரும்பாலும் பொருந்தாது என்பதே நம் கருத்து. ஒலி அறுபடுவது வேகம் குறைவதால் அன்று, வேளை தவறுவதால்.

இதனைச் சிறிது விரித்துக் காண்போம். கணிப்பொறி ஒலியைத் தொடர்ச்சியாக அறிவதில்லை. ஒலியலையின் உயரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக வைத்துக்கொள்கிறது. 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் இவ்வளவு வினாடிக்கு 44,100 ஆகும். காணொளிப் பணிகளில் 48,000 என்பது வழக்கம். இவ்வெண்கள் ஒவ்வொன்றாக அல்லாமல் தொகுதி தொகுதியாகவே ஒலிபெருக்கிக்கு அனுப்பப்படுகின்றன. 256 எண்கள் கொண்ட தொகுதி 5.8 மில்லி வினாடி ஒலிக்கும். 512 ஆயின் 11.6, 1024 ஆயின் 23.2. ஆகவே 256 என்னும் அளவை வைத்துக்கொண்டவர், வினாடிக்கு ஏறத்தாழ 172 முறை தவணை தவறாது தொகுதி தருமாறு கணிப்பொறியைப் பணித்திருக்கிறார் என்பது பொருள்.

காலத்தைச் சிறு கூறுகளாக்கி ஒலியை அளப்பது தமிழ் இலக்கணம் பயின்றார்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் மாத்திரைக்குக் கண்ணிமைத்தலையும் கைநொடித்தலையும் அளவாகக் கூறினார். திருக்குர்ஆன் ஓதும் தஜ்வீத் கலையிலும் நீட்டல்கள் இரண்டு, நான்கு, ஆறு என எண்ணி ஓதப்படுகின்றன. கண்ணிமைக்கும் நேரத்தை வினாடியின் பத்தில் ஒரு பங்கு என்று குறைவாகவே கொண்டாலும், அந்த ஒரு மாத்திரைக்குள் கணிப்பொறி பதினேழு தவணைகளைச் செலுத்தியாக வேண்டும். பதினாறைச் செலுத்திவிட்டுப் பதினேழாவதில் தவறினாலும் செவி அதனைக் கண்டுகொள்ளும். ஏறியும் இறங்கியும் செல்லும் அலை இடையில் திடீரென அறுந்து விழுவதே 'டக்' என்னும் ஓசையாகிறது.

பள்ளிவாசல் ஹவுளை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். மோட்டார் நீரை இறைக்கிறது. தொழ வருவோர் அதனைக் கொண்டு ஒளுச் செய்கின்றனர். ஹவுள் பெரிதாயின் மோட்டார் சிறிது நேரம் நின்றாலும் எவரும் அறியார். ஹவுள் இருக்குமிடத்தில் ஒரு குடமே இருக்குமாயின், மோட்டாரின் குதிரைத்திறன் எவ்வளவு மிகுந்திருந்தாலும் மின்சாரம் ஒரு கணம் தடைப்பட்டால் நீட்டிய கை நனையாது. கணிப்பொறியில் இந்த ஹவுளுக்குப் பஃபர் என்று பெயர். செயலி தன் ஆற்றலில் முப்பது விழுக்காட்டையே செலவிடுவதாகத் திரை காட்டும், ஒலியோ அறுபடும். இது முரண் அன்று. முப்பது விழுக்காடு என்பது சராசரி. கம்பியில்லா வலையமைப்பின் இயக்கியோ நச்சுநிரல் தடுப்பானோ பத்து மில்லி வினாடி செயலியைப் பிடித்துக்கொண்டால், சராசரி சிறிதும் மாறாது. தவணை மட்டும் தவறிவிடும். விலை மிகுந்த புதிய கணிப்பொறியிலும் இவ்விடர் தொடர்வதற்குக் காரணம் இதுவே.

அவ்வாறாயின் பஃபரை எப்போதும் பெரிதாக வைத்துக்கொண்டால் என்ன? வைக்கலாம்; ஆனால் பெரிய தொட்டியில் விழுந்த நீர் வெளிவரக் காலம் செல்லும். 1024 என்னும் அளவில் குரல் உள்ளே வர 23, வெளியே செல்ல 23 என ஏறத்தாழ 46 மில்லி வினாடித் தாமதம் உண்டாகிறது. தம் குரலையே காதணி ஒலிபெருக்கியில் பிந்திக் கேட்கும் பாடகர் தடுமாறுவார். ஆதலின் கணிப்பொறி வழியாகத் தம் குரலைக் கேட்டுக்கொண்டே ஒருவர் பாடும்போது 128 அல்லது 256 வேண்டும். கலவைப் பணியில் எவரும் பாடுவதில்லை. அப்போது 1024, 2048 என உயர்த்திக்கொள்வதால் இழப்பு ஏதுமில்லை. பொத்தானை அழுத்திய பின் வினாடியின் இருபதில் ஒரு பங்கு கழித்து ஒலி தொடங்கும், அவ்வளவே. பதிவுக்கு வைத்த சிறிய அளவைக் கலவையின்போதும் மாற்றாமல் விடுவதே நாம் கேள்வியுறும் முறையீடுகள் பலவற்றிற்கும் மூலம். விண்டோஸ் கணிப்பொறியாயின், ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997இல் வெளியிட்ட ஏசியோ முறையில் இயங்கும் இயக்கியை ஒலிக்கருவியின் உற்பத்தியாளரிடமிருந்தே பெற்று நிறுவுதல் நலம்.

பிழை எங்கே உள்ளது?

எதனையும் மாற்றுமுன் இவ்வினாவிற்கு விடை காண வேண்டும். அறுபட்ட பகுதியை மும்முறை ஓடவிட்டுக் கேட்க. பிழை இடம் மாறி மாறித் தோன்றினால் அது ஒலிப்பிக்கும் முறையில் உள்ளது. பதிவு பழுதின்றி இருக்கிறது. ஒரே இடத்தில் தோன்றினால், கலவை முழுவதையும் ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து கைப்பேசியில் கேட்க. மென்பொருள் தானே கணக்கிட்டு எழுதும் ஏற்றுமதிக்குத் தவணை இல்லை. மூன்று நிமிடப் பாடலை எழுத ஐந்து நிமிடம் ஆயினும் கணிப்பொறி ஒன்றையும் விடாது எழுதிவிடும். ஆகவே ஏற்றுமதிக் கோப்பில் பிழை மறைந்தால், அவ்விடத்தில் எதிரொலி முதலிய விளைவுகளின் சுமை மிகுந்திருக்கிறது என்று துணியலாம். அத்தடங்களை விளைவுகளோடு சேர்த்து உறையவைத்தால் போதும். கோப்பிலும் பிழை நின்றால் அது பதிவிலேயே நேர்ந்த இழப்பாகும்.

இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுதல் கூடாது. ஒலிப்பிக்கையில் அறுபட்டது மீண்டும் கேட்டால் கிடைக்கும். பதிவில் விடுபட்ட எண்களை எம்மென்பொருளாலும் மீட்க இயலாது. விடுபாடு நீளின் நெடில் குறுகும். 'பாடு' என்றது 'படு' என ஒலிக்கும். சீர் சிதைந்து தளை தட்டும். மேலும், விடுபட்ட அளவுக்குப் பின்வரும் குரல் முழுவதும் முன்னே நகர்ந்துவிடுவதும் உண்டு. அந்நிலையில் கலவையில் தப்ஸ் ஓரிடத்திலும் குரல் வேறிடத்திலும் நிற்கும். பாடியவரே தாளம் பிசகினார் என்று பின்னர்க் கேட்போர் எண்ணக்கூடும். அறியாது சுமத்தும் அப்பழியை நாம் சிறிய பிழையாகக் கருதவில்லை.

பஃபரைப் பெருக்கியும் தீராத ஒரு வகை உண்டு. ஒலிவாங்கி ஒரு யுஎஸ்பி கருவியாகவும், ஒலிபெருக்கி கணிப்பொறியின் சொந்த ஒலி அட்டையிலும் இருக்குமாயின், இரண்டிற்கும் தனித்தனிக் கடிகாரம் உண்டு. இரு பள்ளிவாசல்களின் கடிகாரங்கள் நாளடைவில் சற்றே வேறுபடுவது போல இவையும் வேறுபடும். பஃபர் மெல்ல நிரம்பியோ வற்றியோ, ஏறத்தாழ ஒரே இடைவெளிவிட்டு 'டக்' ஒலிக்கும். ஒலிவாங்கும் கருவியிலேயே காதணி ஒலிபெருக்கியையும் செருகுவதே இதற்கு எளிய தீர்வு. மென்பொருளில் 44,100 என்றும் கருவியில் 48,000 என்றும் இருப்பின் அதனையும் ஒன்றாக்குக.

வன்தட்டைப் பலர் ஐயுறுகின்றனர். வினாடிக்கு 48,000 அளவீடு, ஒவ்வொன்றும் மூன்று பைட் எனக் கொண்டால், பன்னிரண்டு ஒற்றைத் தடங்களுக்கு வினாடிக்கு 17,28,000 பைட்டே வேண்டும். இன்றைய வன்தட்டுக்கு இது மிகச் சிறிது. 1990களில் அவ்வையம் நியாயமானதே. இப்போது கோப்புகளை மலிவான பென் டிரைவில் வைத்தே கலப்பவர்க்கு மட்டும் அது பொருந்தும்.

முதியவர் ஒருவரின் பாடலைப் பதியச் செல்கையில் கம்பியில்லா இணைப்பை நிறுத்தி, மின்சேமிப்பு ஏற்பாட்டை விலக்கி, கருவியை இணைப்புப் பெட்டிகள் இன்றி நேரே செருகுக. ஐந்து நிமிடம் வெறுமனே பேசிப் பதிந்து கேட்டுப் பார்க்க. பஃபரைச் சிறிதாக்க வேண்டும் என்று மேலே கூறியது, பாடுபவர் தம் குரலைக் கணிப்பொறி வழியாகக் கேட்கும்போது மட்டுமே. இவ்வாறு தனியே பாடுவோர்க்கு அது தேவையில்லை, 1024இலேயே பதியலாம். ஆடாசிட்டி முதலிய மென்பொருள்கள் பதிவில் விடுபாடு நேர்ந்தால் அவ்விடத்தைக் குறித்துக் காட்டும் வசதி உடையன. அதனை இயக்கி வைக்க. பாடி முடித்தவர் எழுந்து செல்லுமுன் பதிவு முழுவதையும் ஒருமுறை கேட்டுவிட்டால், விடுபட்ட கண்ணியை மட்டும் அவரே மீண்டும் பாடித் தருவார்.