சைபர் செக்யூரிட்டி பிராஞ்ச் எடுக்கலாமா?

நான் சைபர் செக்யூரிட்டி வேலையில் இருப்பதால், பொறியியல் கவுன்சலிங் நெருங்கினால் செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்துப் பெற்றோர் சிலர் பிள்ளையோடு என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பிள்ளை வாய் திறக்காது. அப்பாதான் பேசுவார். "கட் ஆஃப் 178 வரும் சார். சைபர் செக்யூரிட்டிக்குத் தனி பிராஞ்சே இருக்காமே, இப்போ அதுக்குத்தான் மவுசாம்." யார் சொன்னது என்றால் கேம்ப் ரோட்டுப் பேனரில் தொடங்கி மைத்துனர் வரை போகும்.

சி.எஸ்.இ., ஐ.டி. பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல கல்லூரியில் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இ.சி.இ. படித்தும் இந்தத் துறைக்கு வரலாம்.

பேச வேண்டியது அந்தத் தனி பிராஞ்சைப் பற்றி. நான் புரட்டிப் பார்த்த பாடத்திட்டங்களில் பாதிக்கு மேல் பழைய சி.எஸ்.இ.யேதான். மிச்சத்தில் கணிதத்தைக் குறைத்து டூல்களைச் சேர்த்திருக்கிறார்கள். இதற்காக மேனேஜ்மென்ட் கோட்டாவில் லட்சங்களைக் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வேலைக்கு ஆள் எடுக்கும்போது அந்த பிராஞ்ச் பையன் ஒருவனிடம், ஏழின் ஐந்தாம் அடுக்கை 11-ஆல் வகுத்தால் மீதி என்ன என்று கேட்டேன். காலி லினக்ஸ் என்ற ஹேக்கிங் கருவித் தொகுப்பில் கை தேர்ந்தவன், செல்போனை எடுத்தான். எதற்கு? 49-க்கு மீதி 5. ஐந்தின் வர்க்கம் 25, மீதி 3. அதை ஏழால் பெருக்கினால் 21, மீதி 10. முடிந்தது. 1977-இல் பிறந்த ஆர்.எஸ்.ஏ. என்ற குறியாக்க முறை இதையேதான் அறுநூறு இலக்க எண்களில் செய்கிறது.

கணிதம் மட்டும் போதாது. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பிரிவுக் கணினி ஒன்றில் மால்வேர் புகுந்ததை இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அணு உலைக் கட்டுப்பாட்டுக்கான வலையமைப்பு தனியாக இருந்ததால் அங்கே பாதிப்பில்லை என்றது. அப்படிப் பிரித்து வைப்பது எப்படி என்று புரிய நெட்வொர்க்கும் ஆபரேட்டிங் சிஸ்டமும் ஒழுங்காகத் தெரிய வேண்டும். இரண்டும் சாதாரண சி.எஸ்.இ. பாடங்கள்.

கிரிப்டோகிராஃபிதான் ஆசையென்றால் கணிதம் படியுங்கள். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் என்றால் பெற்றோர் முகம் சுருங்குகிறது, சுருங்கட்டும். சிறுசேரியில் சென்னை கணிதக் கழகம் இருக்கிறது. தனி நுழைவுத் தேர்வு, கடினமானது. மேற்படிப்புக்குக் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் கிரிப்டாலஜிக்கென்றே எம்.டெக். உண்டு. 2002-இல் தொடங்கி, இப்போது தரமணியில் இயங்கும் செட்ஸ் என்ற நிறுவனத்தின் ஆராய்ச்சியில் இதுவும் ஒன்று. நான் கணிதம் படித்து இந்த வேலைக்கு வந்தவன், அதனால் ஒரு பக்கமாகச் சாய்கிறேன் என்பாள் என் மனைவி. சாயத்தான் செய்கிறேன், காரணம் இருக்கிறது. குவான்டம் கணினி வந்தாலும் தாங்கக்கூடியவை என்று அமெரிக்காவின் தரமுறை நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் மூன்று கிரிப்டோகிராஃபி தரமுறைகளை வெளியிட்டது. அவற்றில் இரண்டு, மேட்ரிக்ஸும் வெக்டரும் புரியாதவனுக்குப் பிடிபடாது.

ஒரு கணக்கோடு இரண்டு நாள் மல்லுக்கட்டப் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் குற்றமில்லை, வேறு நல்ல படிப்புகள் இருக்கின்றன. பிடித்தால் அவசரப்படாதீர்கள், இந்தத் துறையில் கால் ஊன்ற ஆறேழு வருஷம் ஆகும். என்.பி.டி.இ.எல்.-இல் கிரிப்டோகிராஃபி வகுப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன, லீவிலேயே தொடங்கலாம். எத்திக்கல் ஹேக்கிங் சான்றிதழுக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த பிறகு தேவைப்பட்டால் கம்பெனி செலவிலேயே அந்தப் பரீட்சையை எழுதிக்கொள்ளலாம்.