நைட்ரோ கார் ஓட்டப் பழகுவோம்



ரிமோட் கார் என்றால் நமக்கெல்லாம் தேர்த் திருவிழாக் கடையில் தொங்கும் பிளாஸ்டிக் கார்தான் ஞாபகம் வரும். பேட்டரி போட்டால் ஓடும், ரெண்டு நாளில் சக்கரம் கழன்றுவிடும். நான் எழுதப்போவது அந்தக் கார் இல்லை. இதற்குள்ளே நிஜமான எஞ்சின் இருக்கிறது. எரிபொருள் ஊற்ற வேண்டும், கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ண வேண்டும், புகை வரும், தொட்டால் சுடும். இதற்குப் பெயர் நைட்ரோ கார்.

எங்க மாமா கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். பட்டறை முதலாளியின் மகன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும்போது தன் பழைய காரை மாமாவிடம் கொடுத்துவிட்டாராம். எஞ்சினுக்குப் புது பிஸ்டனும் சிலிண்டரும் மாற்றி ஒரு தடவைகூட ஓட்டாமல் வைத்திருந்தார். கூடவே முக்கால் லிட்டர் எரிபொருள் உள்ள கேனும் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமும் வந்தன. மாமா சொன்னார், “கண்ணு, ஸ்பேனர் புடிக்கிறது நான். புக்கைப் படிச்சுச் சொல்றது நீ.” அப்படித்தான் நான் இதற்குள் வந்தேன்.

கார் ராலி கார் மாதிரி. நீல நிற சுபாரு இம்ப்ரெசா உடம்பு, தங்க நிறச் சக்கரம். 1995இல் காலின் மெக்ரே உலக ராலி சாம்பியன் ஆனது நிஜ இம்ப்ரெசாவில்தான். ராலி என்றால் வட்டமான மைதானத்தில் சுற்றுவது இல்லை, மண் ரோடு, கல் ரோடு, காட்டுப் பாதை என்று ஓட்டுவது. அதனால் நான்கு சக்கரமும் இழுக்கும். எங்கள் காரும் அப்படியே. நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு, அதாவது சுமார் 44 சென்டிமீட்டர் நீளம். எடை சுமார் இரண்டு கிலோ.

எஞ்சின் 2.5 சி.சி. டி.வி.எஸ். 50 வண்டியின் எஞ்சினில் இருபதில் ஒரு பங்கு! ஆனால் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 30,000 சுற்று வரை சுற்றும். இது டூ ஸ்ட்ரோக், ஒரு சுற்றுக்கு ஒரு தடவை எரியும். 30,000த்தை 60ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு நொடியில் 500 தடவை உள்ளே தீப்பிடிக்கிறது. எங்க தோட்டத்தில் ஆடு மேய்க்க வரும் ஆத்தா சத்தத்தைக் கேட்டுவிட்டு, “ஏங்கண்ணு, இது வண்டியா குளவியா?” என்றார்.

இப்போது எரிபொருள். இதுதான் பாடத்தில் முக்கியமான இடம். பெட்ரோல் ஊற்றினால் இந்த எஞ்சின் ஓடாது. இதில் ஊற்றுவது மூன்று பொருள் கலந்த திரவம். பாதிக்கும் மேலே மெத்தனால். எங்கள் கேனில் நைட்ரோமீத்தேன் நூற்றுக்கு 20 பங்கு. மீதி எண்ணெய். அந்த எண்ணெயில் ஒரு பகுதி என்ன தெரியுமா? நம்ம விளக்கெண்ணெய்! சாதாரண எஞ்சின் ஆயில் மெத்தனாலில் கரையாது, விளக்கெண்ணெய் கரையும். அதிகச் சூட்டிலும் வழுவழுப்பு விடாது. முதல் உலகப் போர் விமானங்களின் எஞ்சினுக்குக்கூட இதைத்தான் ஊற்றினார்கள். எங்க அம்மிச்சி வயிற்றுக்குக் கொடுத்த விளக்கெண்ணெய் விமானத்துக்கும் போயிருக்கிறது என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

நைட்ரோமீத்தேன் எதற்கு? எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும் என்று படித்திருக்கிறோம். ஒரு கிராம் பெட்ரோல் முழுவதும் எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். மெத்தனாலுக்கு 6.4 கிராம். நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிராம்தான். ஏனென்றால் அதன் மூலக்கூறிலேயே இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் இருக்கின்றன. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வரும் ஆள் மாதிரி. எடைக்கு எடை பார்த்தால் நைட்ரோமீத்தேன் மட்டம்தான். ஒரு கிராம் பெட்ரோல் சுமார் 44 கிலோஜூல் வெப்பம் தரும், இது சுமார் 11 கிலோஜூல்தான் தரும். நானும் முதலில் குழம்பினேன். பிறகு கணக்குப் போட்டேன். சின்ன எஞ்சினுக்குள் ஒரு தடவைக்குக் கொஞ்சம் காற்றுதான் போகும். 14.7 கிராம் காற்றில் பெட்ரோல் ஒரு கிராம்தான் எரியும், 44 கிலோஜூல். அதே காற்றில் நைட்ரோமீத்தேன் 8.6 கிராம் எரியும், சுமார் 95 கிலோஜூல். இரண்டு மடங்குக்கு மேல்! காற்றுதான் கணக்கு, எரிபொருள் இல்லை.

பிளக்கும் வேறு மாதிரி. டி.வி.எஸ். வண்டிப் பிளக் பொறி விடும். இது பொறி விடாது, குளோ பிளக் என்று பெயர். நுனியில் பிளாட்டினம் கலந்த சின்னக் கம்பிச் சுருள். முதலில் 1.5 வோல்ட் பேட்டரியை மாட்டினால் கம்பி சிவக்கும். எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் பேட்டரியை எடுத்துவிடலாம். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் பட்டதும் வினை நடந்து வெப்பம் வருகிறது, பிஸ்டன் அமுக்குகிற சூடும் சேர்ந்துகொள்கிறது. கம்பி தானாகவே கனன்றுகொண்டு இருக்கும். பிளாட்டினம் இங்கே வினையூக்கி. வினையூக்கி பற்றிப் படிக்கும்போது எனக்கு இந்தப் பிளக்தான் ஞாபகம் வரும். அமெரிக்காவில் ரே ஆர்டன் என்பவர் 1947இல் இதைப் பொம்மை எஞ்சின்களுக்குக் கொண்டுவந்தார்.

ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் ஒரு விஷயம். முதலில் கையில் இருக்கும் ரிமோட்டை ஆன் செய்ய வேண்டும், பிறகுதான் காரில் உள்ள சுவிட்ச். நிறுத்தும்போது தலைகீழ், முதலில் கார், பிறகு ரிமோட். காருக்குள் சர்வோ என்று இரண்டு குட்டி மோட்டார்ப் பெட்டிகள் இருக்கின்றன. ஒன்று சக்கரத்தைத் திருப்பும், இன்னொன்று கார்புரேட்டரைத் திறந்து மூடும், பிரேக்கும் போடும். ரிமோட் இல்லாமல் காரை ஆன் செய்தால் அவை யார் சொல்லைக் கேட்பது?

கயிறு இழுப்பது மருந்தடிக்கும் பவர் ஸ்ப்ரேயர் மாதிரிதான். ஆனால் ஒரு முழம் கூட இழுக்கக் கூடாது, கயிறு முழுக்க வந்தால் உள்ளே ஸ்பிரிங் போய்விடும். சட் சட்டென்று கொஞ்சமாக இழுக்க வேண்டும். கயிறு திடீரென்று இறுகி நின்றால் பலம் காட்டாதீர்கள். உள்ளே எரிபொருள் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். பிளக்கைக் கழற்றி, காரைக் கவிழ்த்துப் பிடித்து இழுத்தால் வெளியே தெளிக்கும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளவும்.

அடுத்தது எஞ்சினைப் பழக்குவது. புது பிஸ்டனுக்கு இதில் ரிங் கிடையாது. அலுமினிய பிஸ்டன், குரோமியம் பூசிய பித்தளைச் சிலிண்டர். சிலிண்டர் மேலே போகப் போக மயிரளவு குறுகும். குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் உச்சியில் சிக்கும், சூடானால் பித்தளை விரிந்து சரியாகிவிடும். இரண்டும் ஒன்றுக்கொன்று பழகும் வரை வேகமாக ஓட்டவே கூடாது. ஒரு டேங்க் 75 சி.சி. எங்கள் முக்கால் லிட்டருக்குப் பத்து டேங்க். அதில் ஐந்து டேங்க் பழக்குவதற்கே போகும் என்று புத்தகத்தில் இருந்தது. மாமா முகம் சுருங்கிவிட்டது.

புத்தகத்தில் ரிச், லீன் என்று இரண்டு சொல் அடிக்கடி வந்தது. அகராதியில் ரிச் என்றால் பணக்காரன். லீன் என்றால் மெலிந்தவன். எஞ்சினில் எங்கே பணக்காரன் வந்தான் என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். கார்புரேட்டரில் ஒரு ஊசித் திருகு இருக்கிறது. இடப்பக்கம் திருப்பினால் எரிபொருள் கூடும், அது ரிச். வலப்பக்கம் திருப்பினால் குறையும், அது லீன். ரிச்சாக இருந்தால் வண்டி மந்தமாக ஓடும், நிறையப் புகை விடும். லீன் ஆக்கினால் வேகம் கூடும், புகை குறையும். கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் எண்ணெய் எரிபொருளோடுதான் உள்ளே போகிறது. எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறையும், பிஸ்டன் கருகிவிடும்.

மூன்றாவது டேங்க்கில் மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஊசியை வலப்பக்கம் அரைச் சுற்றுத் திருப்பிவிட்டார். (எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பக் கூடாது.) கார் பறந்தது, தம்பி கை தட்டினான், புகையே இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. “மாமா நிறுத்துங்க”ன்னு கத்தினேன். அவர் முறைத்தார், ஆனால் நிறுத்தினார். எஞ்சின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். மூன்று நாலு நொடி கொதித்து ஆவியானால் சரியான சூடு. 100 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். எங்கள் சொட்டு விழுந்த உடனே உஸ்ஸென்று காணாமல் போனது. மாமா ஒன்றும் பேசவில்லை, ஊசியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். பிஸ்டன் பிழைத்தது. அன்றிலிருந்து ஊசி என் பொறுப்பு.

ஒவ்வொரு டேங்க் முடிந்ததும் ஆற விட வேண்டும். அப்போது பிஸ்டன் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் சிலிண்டர் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். எது கீழே என்று தெரிவதற்குச் சுழலும் சக்கரத்தில் அக்காவின் நெயில் பாலிஷால் புள்ளி வைத்தேன். (பக்கத்துப் படத்தில் சிவப்புப் புள்ளி.)

இனி எழுதுவது எழுதக் கஷ்டமான விஷயம். கேன் மூடி லேசாக ஒழுகியதால் மீதியை ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றித் திண்ணையில் வைத்தேன். நான்தான் வைத்தேன், மாமா இல்லை. எங்கள் எரிபொருள் ரோஸ் நிறம். மூன்றாவது படிக்கும் தம்பி விளையாடிவிட்டு வந்து மூடியைத் திறந்துவிட்டான். வாசலில் நின்ற அம்மா பார்த்து, ஓடிவந்து கையிலிருந்து தட்டிவிட்டார். அரை டேங்க் அளவு மண்ணில் போனது. அம்மா என்னை அடிக்கவில்லை. உட்கார்ந்து அழுதார். அது அடியைவிட மோசம்.

மெத்தனால் உடம்புக்குள் போனால் முதலில் பார்மால்டிஹைடாகவும் பிறகு பார்மிக் அமிலமாகவும் மாறும். கண் நரம்பைக் கெடுத்துப் பார்வையைப் பறிக்கும், உயிரையும் எடுக்கும். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதே பொருள்தான் எங்கள் திண்ணையில் ரோஸ்மில்க் மாதிரி இருந்தது. தோலில் பட்டாலும் உள்ளே இறங்கும், எனவே ரப்பர் கையுறை வேண்டும். பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது. நம் மாநிலத்தில் உரிமம் இல்லாமல் மெத்தனால் வாங்கக் கூடாது. எனவே யாரும் சொந்தமாகக் கலந்து பார்க்கலாம் என்று நினைக்கவே வேண்டாம்.

காரை விற்றுவிடச் சொன்னார் அம்மா. ஒரு வாரம் பேச்சே இல்லை. மாமா கேனுக்குப் புது மூடி வாங்கி வந்தார். நான் மண்டை ஓடு வரைந்து ஒட்டினேன். கேன் இப்போது மோட்டார் ரூமில் பூட்டுக்குள் இருக்கிறது. சாவி அம்மாவின் முந்தானையில். அவர் திறந்து கொடுத்தால்தான் கார் ஓடும்.

ஓட்டும்போது நடந்த இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். காரில் சர்வோவுக்கு நாலு பென்சில் பேட்டரி போட வேண்டும். நான் கடிகாரத்தில் இருந்து பழைய பேட்டரியை எடுத்துப் போட்டேன். பாதியில் அது தீர்ந்தது, கார்புரேட்டர் திறந்தபடியே நின்றுவிட்டது. கார் நேரே ஆடு மேய்க்கும் ஆத்தாவின் காலை உரசிக்கொண்டு போய் வேப்ப மரத்து வேரில் மோதி நின்றது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் போகக்கூடிய இரண்டு கிலோ இரும்பு அது. ஆத்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது கார்புரேட்டர் கைப்பிடியில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டியிருக்கிறோம். பேட்டரி தீர்ந்தால் அது இழுத்து மூடிவிடும். ஐம்பது பைசா கூட ஆகவில்லை. முதலிலேயே மாட்டியிருக்கலாம்.

ஓட்டி முடித்ததும் டேங்க்கைக் காலி செய்து, எஞ்சினுக்குள் நாலு சொட்டு எண்ணெய் விட வேண்டும். மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும், பேரிங் துருப்பிடித்துவிடும்.

இன்னும் இரண்டு டேங்க் மட்டும் மீதி இருக்கிறது. வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு வற்றிய ஏரியில் ஒரு டேங்க் ஓட்டப் போகிறோம். பார்க்க வருபவர்கள் செருப்புப் போட்டு வரவும், கரை மேலேயே நிற்கவும். அம்மா சாவியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி