தெள்ளுவண்டின் பேரினம் அறிதல்

வண்டு என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழ் படித்த நம் நெஞ்சில் தோன்றுவது, மலர்தோறும் சென்று தேனுண்ணும் கருவண்டுதான். பூச்சியியலார் அச்சொல்லை வேறு பொருளில் ஆளுகின்றனர். முன்னிறகுகள் தடித்து உறைபோலாகி, பறப்பதற்குரிய பின்னிறகுகளை மூடிக் காக்கும் பூச்சிகள் அனைத்தும் அவர்களுக்கு வண்டுகளே. அவற்றுள் இலையுண்ணி வண்டுகள் ஒரு குடும்பம். அக்குடும்பத்திலே, தெள்ளுப்பூச்சியைப் போலத் துள்ளிப் பாயும் பெருங்கூட்டம் ஒன்று உண்டு. அவையே தெள்ளுவண்டுகள். உலகில் இவை 500-க்கு மேற்பட்ட பேரினங்களாகவும் பல்லாயிரம் சிற்றினங்களாகவும் பகுக்கப்பட்டுள்ளன. கையில் அகப்பட்ட தெள்ளுவண்டு எப்பேரினத்தைச் சேர்ந்தது என்று காண்பது எவ்வாறு, அப்படிக் காண்பதால் வரும் பயன் யாது என்னும் இரண்டையும் இங்கே கூற முற்படுகிறேன்.

முதலில் பெயர்முறையை நினைவிற் கொள்வோம். ஒரு பூச்சியின் அறிவியற் பெயர் இரண்டு சொற்களால் ஆனது. முதற்சொல் பேரினத்தையும், இரண்டு சொற்களும் சேர்ந்து சிற்றினத்தையும் குறிக்கும். ஆகவே பேரினம் தவறினால் பெயரின் முதற்பாதியே தவறிவிடும்.

இவ்வண்டுகளைத் தேடிக் காடுமேடு அலைய வேண்டியதில்லை. நான் குடியிருக்கும் ரிச்சர்ட்ஸ் டவுனில் தோட்டமுள்ள வீடுகள் குறைந்துவிட்டன. ஆயினும் மாடித் தொட்டிகளில் முள்ளங்கியும் கத்தரியும் வெண்டையும் வளர்ப்போர் பலர் இருக்கின்றனர். இலையில் குண்டூசியால் குத்தியது போன்ற சிறு துளைகள் நிறைந்திருந்தால், அதிகாலையில் மெல்ல இலையைத் திருப்பிப் பாருங்கள். எள்ளினும் சிறிய, பளபளப்பான உருவம் ஒன்று கண்ணெதிரே மறைந்தால் அது பெரும்பாலும் தெள்ளுவண்டே. வாய் அகன்ற சிறு குப்பியை அடியிற் பிடித்து இலையைத் தட்டினால் அகப்படும். குப்பியில் சிறிது சாராயம் ஊற்றிவைத்தால் கெடாது. பத்து மடங்கு, இருபது மடங்கு பெருக்கிக் காட்டும் கைக்கண்ணாடிகள் இருந்தால் பாடத்தைத் தொடங்கலாம்.

முதலிற் காண வேண்டியது பின்னந்தொடை. தெள்ளுவண்டின் பின்னந்தொடை மற்றத் தொடைகளைவிடப் பருத்திருக்கும். அதனுள்ளே சுருள் வடிவான கெட்டியான உறுப்பொன்று உண்டு. தசைகள் சேர்த்து வைக்கும் விசையை ஒரே கணத்தில் விடுவித்து வண்டைத் தூக்கி எறிவது அதுவே. இவ்வுறுப்பை 1929-ஆம் ஆண்டில் விரித்துரைத்தவர் நம் நாட்டவரான எஸ். மௌலிக். அவர் பெயராலேயே அது மௌலிக் உறுப்பு என்றும் வழங்குகிறது. இந்தியத் தெள்ளுவண்டுகளைத் தொகுத்து 1926-இல் நூலாக எழுதியவரும் அவரே. பின்னர் 1969-இல் ஷேரர் என்னும் ஜெர்மானியர் இத்துணைக்கண்டத்துத் தெள்ளுவண்டுகளைப் பற்றி மற்றொரு பெருநூல் வெளியிட்டார்.

தொடையைப் பாராமல் பெயரை மட்டும் நம்பினால் இடறுவோம். திராட்சைத் துளிர்களைக் கடிக்கும் ஸ்கெலொடாண்டா என்னும் வண்டை வேளாண்மை நூல்கள் திராட்சைத் தெள்ளுவண்டு என்றே எழுதுகின்றன. அதற்குத் துள்ளும் தொடை இல்லை. அதன் உணர்கொம்புகள் ஒன்றையொன்று விலகி முளைத்திருக்கும். தெள்ளுவண்டிற்கோ அவை கண்களுக்கிடையே நெருங்கி முளைக்கும். திராட்சை வண்டு இலையுண்ணிக் குடும்பத்திலேயே வேறொரு கிளையைச் சேர்ந்தது.

துள்ளும் தொடை உறுதியானபின், நம் காய்கறிச் செடிகளில் காணும் சில பேரினங்களைக் கீழ்வரும் வரிசையில் பிரித்தறியலாம்.

ஒன்று: உணர்கொம்பின் கணுக்களை எண்ணுக. பெரும்பாலான தெள்ளுவண்டுகளுக்குப் பதினொன்று இருக்கும். பத்தே இருந்து, பின்னங்காலின் பாதம் கணைக்காலின் நுனியில் அல்லாமல் சற்று மேலே பொருந்தியிருந்தால் அது சில்லியோடிஸ். கத்தரியில் காணும் தெள்ளுவண்டு ஒன்று இப்பேரினத்தது.

இரண்டு: பின்னம்பாதத்தின் முதற்கணுவை அளந்து காண்க. அது கணைக்காலின் நீளத்தில் பாதியளவோ அதற்கு மேலோ இருந்தால் லாஞ்சிடார்சஸ். நீண்ட பாதம் என்பதே இப்பெயரின் பொருள்.

மூன்று: நடுக்காலிலும் பின்னங்காலிலும் கணைக்காலின் வெளிவிளிம்பு நுனியருகே குழிந்து வெட்டுப்பட்டது போலத் தோன்றினால் கீட்டோக்னீமா. இதன் முன்னிறகில் புள்ளிக்குழிகள் வரிசை வரிசையாக அமைந்திருக்கும்.

நான்கு: மார்பின் மேற்றகட்டை நோக்குக. அதன் பின்விளிம்பில் நெடுக்காக இரண்டு குறுங்குழிகள் இருந்தால் போடாக்ரிகா, நிசோட்ரா என்னும் நெருங்கிய பேரினங்களை நினைக்கலாம். வெண்டையில் வருபவை இவை. குழிகளுக்கு மாறாகக் குறுக்கே ஒரு பள்ளம் ஓடி, உடலும் நீலமாக மின்னினால் ஆல்டிகாவாக இருக்கலாம். இரண்டும் இன்றி, முன்னிறகுப் புள்ளிகள் ஒழுங்கற்றுச் சிதறி, செடியும் முள்ளங்கியோ கடுகோ ஆனால் ஃபில்லோட்ரீட்டாவை நினைக்கலாம்.

‘நினைக்கலாம்’ என்று நான் சொல்வதைக் கவனியுங்கள். இவ்வரிசை தொடக்க மாணவர்க்கான ஏணியே ஆகும். இதில் அடங்காத பேரினங்கள் நம் நாட்டில் ஏராளம். செடியும் நமக்கு ஒரு குறிப்பே தவிரச் சான்று ஆகாது. முள்ளங்கி இலையில் வேறு வண்டும் வந்து அமரக்கூடும். பேரினத்தைத் தாண்டிச் சிற்றினத்தை உறுதி செய்ய, ஆண் வண்டின் புணர்ச்சியுறுப்பையும் பெண் வண்டின் விந்துப்பையையும் பிரித்தெடுத்து நுண்ணோக்கியில் ஒப்பிடுவர்.

இத்தனை நுணுக்கம் எதற்கு என்று கேட்போருக்கு மிளகின் வரலாறு விடை தரும். கேரளத்திலும் குடகிலும் நம் மலைப்பகுதிகளிலும் மிளகைக் கெடுக்கும் தெள்ளுவண்டு ஒன்றுண்டு. தலையும் மார்பும் மஞ்சள் கலந்த பழுப்பு, முன்னிறகு கருமை, நீளம் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர். அதன் புழு பச்சை மிளகைத் துளைத்து உள்ளிருப்பதைத் தின்றுவிடும். மிளகு கறுத்துக் காய்ந்து, விரலால் அழுத்தினால் நொறுங்கும். இவ்வெற்று மிளகை மலையாளத்தார் பொள்ளு என்பர். தமிழிலும் பொள்ளல் என்றால் துளை, உட்குடைவு என்பது பொருள். அவ்வழியே இதற்குப் பொள்ளு வண்டு என்று பெயர் வந்தது.

நெடுங்காலமாக நூல்களும் கையேடுகளும் இதனை லாஞ்சிடார்சஸ் நைக்ரிபென்னிஸ் என்றே எழுதிவந்தன. கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கே. டி. பிரதாபனும், பெங்களூர் வேளாண்மை அறிவியல் பல்கலைக்கழகத்தின் சி. ஏ. விரக்தமத்தும் இந்நூற்றாண்டில் அதனை மீண்டும் ஆராய்ந்தனர். மிளகு வண்டு அப்பேரினத்தைச் சேர்ந்ததன்று, மௌலிக் 1926-இல் வகுத்த லங்கா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது என்பது அவர்கள் முடிவு. அதுமட்டுமன்று, அச்சிற்றினத்திற்கு அதுவரை தனிப்பெயரே இருக்கவில்லை. லங்கா இராமகிருஷ்ணாய் என்று அவர்களே பெயரிட்டனர். உலகம் விரும்பி வாங்கும் மிளகை அழித்துவந்த பூச்சி, அத்தனை காலமும் வேறொரு பூச்சியின் பெயரில் வாழ்ந்திருக்கிறது!

இதனால் நேர்ந்த இழப்பை எண்ணிப் பாருங்கள். ஒரு பூச்சியைப் பற்றி உலகில் எழுதப்பட்டவை அனைத்தும் அதன் பெயரின் கீழேதான் தொகுக்கப்படுகின்றன. லாஞ்சிடார்சஸின் புழுக்கள் பெரும்பாலும் சிறுசெடிகளின் வேரைத் தின்பவை. லங்காவின் உறவினவோ மிளகினக் கொடிகளை உண்பவை. பொள்ளு வண்டு காட்டில் எக்கொடியில் வாழும், அதன் இயற்கைப் பகைவர் யாவர் என்று தேடப் புகுபவர் முதற்பெயரை நம்பினால் வேர்ப்புழுக்களைப் பற்றியே படித்துக் கொண்டிருப்பார். இரண்டாம் பெயரோ அவரை நேரே காட்டு மிளகுக் கொடியிடம் கொண்டு சேர்க்கும். மிளகுக்கொடியை நம்பி வாழும் மலைக்குடியானவனுக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

அன்பிற்குரிய மாணவ நண்பர்களே! அறிவியல் பயில்வோர்தாம் இதனைச் செய்ய வேண்டும் என்பதில்லை. பிடித்த வண்டோடு ஊர், நாள், செடி, பிடித்தவர் பெயர் ஆகிய நான்கையும் கரிக்கோலால் ஒரு சிறு தாளில் எழுதிக் குப்பிக்குள்ளேயே போட்டு வையுங்கள். பேரினம் ஐயமாக இருந்தால் ஐயம் என்றே குறியுங்கள். ஊகத்தால் எழுதிய பெயரைப் பின்வருபவர் உண்மையென்று கொண்டுவிடுவர். சீட்டில்லாத வண்டால் யாருக்கும் பயனில்லை. சரியான சீட்டுள்ள வண்டோ, நாம் கல்லூரியை விட்டுச் சென்ற பின்னரும் ஆராய்ச்சியாளர் ஒருவருக்கு உதவும்.