மகன் பழைய கார் கேட்கிறான்: கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவை



குழுக்களின் தீர்மான நோட்டைப் பார்க்கும்போது உள்கடன் கேட்கும் காரணங்களில் இப்போது ஒரு புது வரி வருகிறது. "மகனுக்கு செகண்ட் ஹேண்ட் கார் வாங்க." இதில் தப்பு ஒன்றும் இல்லை. பையன் லைசென்ஸ் எடுத்துவிட்டான், ஆஸ்பத்திரிக்கும் கல்யாண வீட்டுக்கும் வாடகை வண்டிக்குக் கொடுக்கிற காசும் குறைவில்லை. ஆனால் "வண்டியப் பத்தி எனக்கு என்ன மேடம் தெரியும், அவனும் அவன் சிநேகிதனும் போய்ப் பார்த்துட்டு வந்துட்டாங்க" என்று நீங்கள் சொல்வதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

சந்தையில் மாடு பிடிக்கும்போது பல்லைப் பார்க்காமல், ஒரு வேளை பால் கறந்து பார்க்காமல் முன்பணம் கொடுப்பீர்களா? 20 வயசுப் பையன் கண்ணுக்குப் பெயின்ட்டும் பாட்டு ஸ்பீக்கரும்தான் முதலில் தெரியும். தவணை கட்டப் போவது நீங்கள். அதனால் வண்டி பார்க்க நீங்களும் போங்கள்.

முதலில் காகிதம்

வண்டியைத் தொடுவதற்கு முன்னால் ஆர்.சி. புத்தகத்தைக் கேளுங்கள். (இப்போது கார்டாகவோ செல்போனிலோ இருக்கும்.) அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி சொந்தக்காரர். விற்பவர் வேறு ஆள் என்றால், "எங்க மாமா வண்டிதான்" என்ற பேச்சு போதாது. பெயர் உள்ளவரையே பார்த்துப் பேசுங்கள். பல இடங்களில் புரோக்கர்கள் 29, 30 என்ற இரண்டு பாரத்தில் பழைய ஓனரிடம் வெறும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, வண்டியை மூன்று நான்கு கை மாற்றிவிடுகிறார்கள். பெயர் மட்டும் முதல் ஆள் பெயரிலேயே கிடக்கும்.

அதே ஆர்.சி.யில் ஏதாவது பைனான்ஸ் கம்பெனி அல்லது வங்கியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வண்டி அடமானத்தில் இருக்கிறது. பழைய ஓனர் தவணை பாக்கி வைத்திருந்தால், பைனான்ஸ்காரர் உங்கள் வாசலில் வந்து வண்டியை எடுத்துப் போவார். நீங்கள் பணம் கொடுத்தது அவருக்குத் தெரியவே தெரியாது. கடன் முடிந்துவிட்டது என்பதற்கு அந்தக் கம்பெனி கொடுக்கும் என்.ஓ.சி.யும் 35-ஆம் எண் பாரமும் கையில் வந்த பிறகே முழுப் பணம் கொடுங்கள்.

ஆர்.சி. எந்தத் தேதி வரை செல்லும் என்றும் அதிலேயே இருக்கும். சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருஷம். பிறகு வண்டியைச் சோதனைக்குக் காட்டி ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பல வண்டிகள் இந்த 15 வருஷத்தை நெருங்கியவைதான். "பி.ஒய்." நம்பர், அதாவது புதுச்சேரி வண்டி, விலை குறைவாகக் கிடைக்கிறது என்பார்கள். அதைத் தமிழ்நாட்டு நம்பருக்கு மாற்ற அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. வேண்டும், இங்கே ஆயுள் வரியும் கட்ட வேண்டும். அதையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் மலிவு அவ்வளவாக இருக்காது.

இதையெல்லாம் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டே பார்த்துவிடலாம். பையனின் செல்போன் போதும். ஓனர் பெயர் பாதி மறைந்துதான் தெரியும், ஆனால் பதிவுத் தேதி, இன்சூரன்ஸ் எதுவரை, அடமானம் உண்டா என்பது தெரியும். போலீஸ் போட்ட அபராதம் கட்டாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பிறகு வண்டியின் பானட்டைத் திறந்து, சேஸிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். எண்ணைச் சுரண்டியது போல இருந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

யார் பெயரில் வாங்குவது?

கூட்டங்களில் அதிகம் வரும் கேள்வி இதுதான். "கடன் என் பேர்ல இருக்கு, வண்டியும் என் பேர்லயே இருக்கட்டும். நாளைக்கு அவன் வித்துட்டா?" இந்தப் பயம் நியாயமானது. ஆனால் இன்சூரன்ஸ் பாலிசியில் "ஓனர்-டிரைவர்" விபத்துக் காப்பு என்று 15 லட்சம் ரூபாய்க்கு ஒன்று உண்டு. அது ஆர்.சி.யில் பெயரும் கையில் லைசென்ஸும் உள்ளவருக்கு மட்டும்தான். ஆர்.சி. அம்மா பெயரில், ஓட்டுவது மகன் என்றால், விபத்தில் அவனுக்கு ஏதாவது ஆனால் அந்தப் பணம் வராது. மூன்றாம் நபர் இன்சூரன்ஸும் எதிரில் அடிபட்டவருக்குத்தான், ஓட்டியவனுக்கு இல்லை. ஓட்டுகிற பிள்ளை பெயரிலேயே வண்டி இருப்பது நல்லது என்பது என் கருத்து. அம்மா பெயரில்தான் என்று முடிவு செய்தால், ஓட்டுபவருக்குத் தனியாக விபத்துக் காப்பு எடுத்துவிடுங்கள்.

வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துப் பாலிசியைப் பெயர் மாற்ற வேண்டும். 30 நாளுக்குள் ஆர்.சி. பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பாலிசி பழைய ஓனர் பெயரிலேயே இருந்தால், உங்கள் வண்டி நொறுங்கியதற்கு இழப்பீடு கேட்க முடியாது. இன்சூரன்ஸே இல்லாமல் ஒருவரை இடித்துவிட்டால், கோர்ட் சொல்லும் நஷ்டஈடு முழுவதையும் குடும்பம்தான் கட்ட வேண்டும். வீடு, நிலம் வரை போகும். வீட்டில் இருக்கும் பழைய மொபெட்டை விற்கும்போதும் இதை மறக்காதீர்கள். பெயர் மாற்றாத வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

இன்னொரு விஷயம். 2023-இல் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியபோது, சொந்த உபயோகத்துக்குக் கார் வைத்திருக்கும் குடும்பத்துக்குத் தகுதி இல்லை என்று விதி இருந்தது. வண்டி மகன் பெயரில்தானே என்று நினைக்காதீர்கள், ஒரே ரேஷன் கார்டில் இருந்தால் ஒரே குடும்பம்தான். மாதப் பணம் வாங்குகிறவர்கள் இப்போதைய விதியைத் தாலுகா ஆபீசில் கேட்டுக்கொண்டு பிறகு முடிவெடுங்கள்.

வண்டியைப் பார்ப்பது

காலையில், வெளிச்சத்தில் போங்கள். மழையில் நனைந்த வண்டியில் பெயின்ட் குறை தெரியாது. "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லி, போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், ஸ்டார்ட் ஆகாததை மறைக்க ஏற்கெனவே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த என்ஜின் ஒரு தடவையில் எடுக்க வேண்டும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் என்ஜினில் ஆயில் எரிகிறது. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். பால் காபி நிறத்தில் நுரை மாதிரி ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். இரண்டுமே பெரிய செலவு.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படி மூழ்கிய வண்டியைக் கழுவித் துடைத்து, தூரத்து ஊரில் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவது உண்டு. ஓடும்போது ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்து ஒயர்கள் துருப்பிடித்து ஒவ்வொன்றாகப் போகும், நடுரோட்டில் நிற்கும். இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம். கதவையும் கண்ணாடியையும் மூடிக்கொண்டு உள்ளே ஐந்து நிமிஷம் உட்காருங்கள். ஈரச் சாக்கு வாடை தெரியும். வாசனை பாட்டிலைத் தாராளமாகத் தெளித்திருந்தாலும் சந்தேகப்படுங்கள். கால் மிதியடியைத் தூக்கி அடியில் விரலால் தடவுங்கள். சீட் நகரும் இரும்புத் தண்டில் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண் இருக்கிறதா பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால், தண்ணீர் நின்ற உயரத்துக்குச் சேற்றுக் கறை கோடாகத் தெரியும். பெல்ட்டை அவ்வளவு தூரம் யாரும் கழுவுவதில்லை.

அடிபட்ட வண்டி என்றால் ஒரு கதவின் நிறம் மற்றதிலிருந்து லேசாக மாறியிருக்கும், பானட் இடைவெளி ஒரு பக்கம் அகலமாக இருக்கும். சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். பட்டி பார்த்த இடத்தில் ஒட்டாது. (பம்பர் பிளாஸ்டிக், அதில் எப்போதும் ஒட்டாது.) ஏர்பேக் உள்ள வண்டியில் சாவியைத் திருப்பியதும் அதன் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால், விபத்தில் வெடித்த பையை மாற்றாமல் விளக்கைப் பிடுங்கியிருக்கலாம்.

மீட்டரில் 40,000 கிலோமீட்டர் காட்டுகிறது, ஆனால் பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறது என்றால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 1821 என்றால் 2021-ஆம் வருஷம் 18-ஆம் வாரம் செய்தது. பள்ளம் இருந்தாலும், வெடிப்பு விட்ட பழைய டயர் வெயிலில் வெடிக்கும்.

கடைசியாக, உங்களுக்குப் பழக்கமான மெக்கானிக்குக்கு ஐநூறோ ஆயிரமோ கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். புரோக்கர் கூட்டி வரும் மெக்கானிக் வேண்டாம்.

புதிதாக ஓட்டும் பிள்ளைக்கு

சின்ன என்ஜின் போதும். 2022-இல் நிர்ணயித்த மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டணமே 1000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897 என்று ஏறுகிறது. வரி தனி. 2019 ஜூலை முதல் தயாரான கார்களில் ஓட்டுபவருக்கு ஏர்பேக் கட்டாயம், 2022 முதல் பக்கத்து சீட்டுக்கும் கட்டாயம். கொஞ்சம் விலை கூடினாலும் அந்த வருஷங்களுக்குப் பிந்தைய வண்டி கிடைக்குமா என்று பாருங்கள். அகல டயர், கத்தும் சைலன்சர் மாட்டிய வண்டியை முன்னால் வைத்திருந்தவர் மெதுவாக ஓட்டியிருக்க மாட்டார், அது வேண்டாம்.

வெள்ளை போர்டு வண்டியில் காசுக்குச் சவாரி அடிக்கக் கூடாது. விபத்து என்றால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். மஞ்சள் போர்டு ஓட்ட 20 வயது முடிந்திருக்க வேண்டும். 18 முடியாத பிள்ளை காரை எடுத்தால், 2019-இல் திருத்திய சட்டப்படி பெற்றவருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு.

பணத்தை வங்கி மூலம் கொடுங்கள். வண்டி கைமாறிய தேதியோடு மணியையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். காலையில் அந்த வண்டியில் நடந்த விபத்து, மாலையில் வாங்கிய உங்கள் பையன் தலையில் விழாமல் இருக்க இது உதவும்.

இந்த மாதக் கூட்டத்தில் பேச:

உங்கள் குழுவில் ஒரு உறுப்பினர் மகனுக்குக் கார் வாங்க ஒரு லட்சம் கேட்கிறார். ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் இருக்கிறது. "அடுத்த மாசம் என்.ஓ.சி. தர்றேன், இன்னைக்கே பணம் குடுத்தா பத்தாயிரம் குறைச்சுக்கிறேன்" என்கிறார் விற்பவர். குழு என்ன தீர்மானம் போடும்? ஊக்குநர் நோட்டில் அதை எப்படி எழுதுவார்?